மேகத்தில் நின்ற பிள்ளைகள்

உசிலம்பட்டி
17.1.2025

அண்ணனுக்கு அன்னக்கொடி எழுதுவது.

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்றுச் சாயங்காலம் காளவாசல் பாத்திரக்கடையில் வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ஊருக்குள் பஸ் திரும்பியதும் கண்டக்டர் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். "யக்கா, அது ஒங்க பிள்ளைகதான? மேகத்துல நிக்கிதுக!" என்றார்.

பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மருந்துக்கடை மாடியையே மறைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் என் சுபலட்சுமியும் முத்துவும் ஆளுயரத்துக்கு மேலே நிற்கிறார்கள். முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் வெறும் ஆகாயம், எங்கோ கீழே தீப்பெட்டி தீப்பெட்டியாகக் கட்டடங்கள். 'உலகின் உச்சியில் உசிலை வாரிசுகள்! காதணி விழாக் காணும் மருமகன் முத்திருளனை வாழ்த்தும் தாய்மாமன், துபாய் தங்கப்பாண்டி' என்று எழுத்து. உன் முகத்தை மட்டும் வேறு எங்கிருந்தோ வெட்டி எடுத்து, கூலிங் கிளாஸோடு மூலையில் ஒட்டியிருக்கிறார்கள். அடியில் உன் கூட்டாளிகள் வரிசையாகக் கும்பிடு போடுகிறார்கள்.

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளை உன்னோடு அனுப்பும்போது மதுரை ஏர்போர்ட் வாசலில் நான் உன்னிடம் என்ன கேட்டேன்? "எங்க வேணும்னாலும் கூட்டிட்டுப் போண்ணே, ஒசரமான எடத்துக்கு மட்டும் வேணாம்" என்றேன். "சரி ஆத்தா" என்று என் தலையில் கை வைத்துச் சொன்னாய். அந்தத் துபாயில் ஒரு மாடியில் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் பிள்ளைகளுடைய அப்பா விழுந்து செத்தார். முத்து அப்போது என் வயிற்றில் இருந்தான். அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நீதான். அதற்காக உன்னை ஒரு நாளும் நான் குறை சொன்னதில்லை, இனியும் சொல்ல மாட்டேன். ஆனால் இதை எப்படிப் பொறுப்பேன்?

பிள்ளைகள் திரும்பி வந்ததிலிருந்து ஒட்டகம் பார்த்தோம், கடலில் குளித்தோம், அத்தை பிரியாணி செய்தது என்று ஓயாமல் பேசினார்கள். இதைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை. நேற்று சுபாவைப் பிடித்துக் கேட்டேன், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அம்மாவிடம் மறைக்கப் பழக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாய். நல்லா இருக்குண்ணே.

இன்று காலையில் கருப்பசாமி கோயிலுக்குப் போய்ச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டேன். இனி உன்னோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன். போனில் எழுதி அனுப்பலாமா என்று பூசாரியிடம் கேட்டேன். "அதுவும் பேச்சுத்தான் ஆத்தா, எதுத்தாப்புல ஒடனே பதில் வருதுல்ல" என்றார். காகிதத்தில் எழுதினால்? தாடியைச் சொறிந்து யோசித்துவிட்டு, "காயிதம் வேற" என்றார். அதனால்தான் இது. உன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டேன், கூப்பிட்டுப் பார்க்காதே.

மாசியில் முத்துவுக்குக் காது குத்தும்போது உன் மடி வேண்டாம். தாய்மாமன் முறைக்கு ஊரில் ஆளா இல்லை? பெரியப்பா மகன் காசிமாயன் அண்ணன் மடியில் உட்கார வைத்துக்கொள்கிறேன். மாமனாரிடமும் சொல்லியாகிவிட்டது.

அன்னக்கொடி


துபாய்
28.1.2025

என் அருமைத் தங்கச்சி அன்னத்துக்கு,

உன் கடிதம் லீவு முடிந்து வந்த செக்கானூரணிக்காரர் பெட்டியில் அவருடைய நார்த்தங்காய் ஊறுகாயோடு சேர்ந்து வந்தது. முதல் பக்கம் முழுக்க எண்ணெய். அதனால் திட்டு கொஞ்சம் குறைந்திருக்கும் என்று பார்த்தால், ஒரு எழுத்துக்கூட அழியவில்லை! உன் மதினியிடம் கொடுத்தேன். வாசித்து முடித்து "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அந்த உயரமான கோபுரத்துக்குப் போன விஷயம் தெரியாது. அன்றைக்கும் அவள் டியூட்டியில்தான் இருந்தாள்.

ஃப்ளெக்ஸ் என் வேலை இல்லை ஆத்தா. கூட்டாளிகள் குரூப்பில் ஒரே ஒரு போட்டோதான் போட்டேன். போன் செய்து கத்தினால், "சர்ப்ரைஸ் மாப்ள, எப்புடி?" என்று சிரிக்கிறான்கள். நம்மூர்ப் பயல்கள் கையில் போட்டோ கொடுத்தால் ஃப்ளெக்ஸ் ஆகும் என்பது எனக்குத் தோன்றாமல் போனதுதான் என் புத்தி கெட்டதனம்.

நீ நினைக்கிற மாதிரி அது திறந்த மாடி இல்லை. சுற்றிலும் கூரை வரைக்கும் கனத்த கண்ணாடி. எட்டிப் பார்க்கவே முடியாது. லிஃப்ட் கிளம்பியதும் காது அடைத்துக்கொண்டது. முத்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "மாமா, இங்கயே காது குத்துறாங்களா?" என்று கேட்டான். லிஃப்டில் இருந்த தமிழ் ஆட்கள் எல்லாம் சிரித்தார்கள். மேலே போனதும் உசிலம்பட்டி எந்தப் பக்கம் என்றான். நான் கடல் பக்கம் கையைக் காட்டினேன். அந்தப் பக்கமே பார்த்து நெடுநேரம் கையசைத்துவிட்டு, "அம்மா கடையில இருக்கும், பாக்காது" என்றான். நான் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு கண்ணாடி ஓரமாகவே ஒரு சுற்றுச் சுற்றி எல்லாவற்றையும் காட்டினேன். ஒரு பயமும் இல்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், மாமன் மறுக்க முடியுமா?

உன் தலையில் கை வைத்துச் சொன்னதை மீறி நடந்தது தப்புத்தான். இங்கிருந்தே உன் காலில் விழுகிறேன். ஆனால் மடியை மட்டும் பறிக்காதே அன்னம். முத்துவுக்குக் கடுக்கன் வாங்கி வைத்திருக்கிறேன், பட்டு வேட்டி வாங்கி வைத்திருக்கிறேன். போயும் போயும் காசிமாயனா? தன் கல்யாணத்துக்கே தாலி கட்டுகிற நேரத்தில் ஆளைத் தேட விட்டவன். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி, அவளுக்கு இருப்பது ஒரே மகன். அவனை என் மடியில் உட்கார வைக்காவிட்டால் அப்புறம் நான் என்ன மாமன்?

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தங்கப்பாண்டி


உசிலம்பட்டி
5.2.2025

அண்ணனுக்கு,

நீ எழுதியது பொய் என்று உனக்கும் தெரியும், இப்போது எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடப் பின்பக்கம் போனேன். முத்து சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறான். முழங்காலுக்குள் தலையைக் கவிழ்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, உடம்பை வெடவெட என்று ஆட்டுகிறான். வலிப்போ என்று நினைத்தேன். கையில் இருந்த சேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அதற்குள் பக்கத்து வீட்டு ஒச்சாயியின் மகள் அவன் முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, "மாமா, மூச்சு விடுங்க. மாமா, மெதுவா மூச்சு விடுங்க" என்கிறாள்.

"என்னடா இது?"

"துபாய் மாமா வெளையாட்டும்மா. நாந்தான் மாமா. அவ அக்கா."

சுபா உள்ளேயிருந்து பாய்ந்து வந்து அவன் வாயைப் பொத்தினாள். ஒரு அறை விட்டேன் அவளுக்கு. அடித்த கை இன்னமும் எரிகிறது. அவள் அழவில்லை. "மாமாட்டயே கேளும்மா" என்று ஒரே வார்த்தை. அதற்கப்புறம் என்னோடு சரியாகச் சாப்பிட உட்காருவதுகூட இல்லை. முத்துவோ அந்த விளையாட்டைத் தெருவுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டான். எங்கே திரும்பினாலும் ஒரு வாண்டு சுவரோரம் உட்கார்ந்து நடுங்குகிறது.

மேலே என்ன நடந்தது? இருவர் கையையும் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினேன் என்கிறாயே, அப்படியானால் போட்டோவில் நீ ஏன் இல்லை? தனியாக வெட்டி ஒட்டுகிற அவசியம் உன் கூட்டாளிகளுக்கு ஏன் வந்தது? எனக்கு வேலை ஓடவில்லை. குக்கர் வாங்க வந்தவளுக்கு இட்லிச் சட்டியைக் கட்டிக் கொடுத்து முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மறைக்காமல் எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

அன்னக்கொடி


துபாய்
13.2.2025

அன்னம்,

கிழித்துப் போட்ட காகிதம் போக மிஞ்சியது இது. மதினியிடம் காட்டவில்லை.

கோபுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற எண்ணமே எனக்கு இல்லை. அடியில் இருக்கிற கடைகளைக் காட்டத்தான் போனோம். முத்து மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றபோது சுபா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, எங்கப்பா எம்புட்டு ஒசரத்துல நின்னு வேல பாத்தாருன்னு எனக்குப் பாக்கணும்" என்றாள். நான் வேறு பேச்சு பேசினேன், ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன் என்றேன். "அம்மாட்ட கேட்டா அழுகும். நீங்களாச்சும் காட்டுங்க" என்றாள். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்துக்கொண்டு முடியாது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

உனக்கு ஒன்று தெரியாது. நம்ம மாப்ள விழுந்து செத்த பிறகு நான் மேலே ஏறுவதே இல்லை. ஏணியில் நாலு படி வைத்தால் கால் உதறுகிறது. கம்பெனியில் சொல்லி ஸ்டோர் ரூமில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை வாங்கிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் நான் இன்னும் சைட்டில் சூப்பர்வைசர் என்றுதான் நினைக்கிறார்கள். உன் மதினிக்கு மட்டும்தான் தெரியும். கண்ணாடிக்கு உள்ளேதானே நிற்கப் போகிறோம், லிஃப்டில்தானே போகப் போகிறோம், பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தைரியம் வரும் என்று ஏறினேன்.

மேலே போனதும் சுபா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, "அப்பா வேல பாத்த கட்டடம் எது மாமா?" என்றாள். எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. அத்தனை கட்டடத்துக்கு நடுவே, தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்தா என்று கையைத் தூக்கினேன். கை நிற்கவில்லை. அதற்கப்புறம் கால் நிற்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தலையைக் கவிழ்த்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன் ஆத்தா. ஊர் உலகத்து ஆட்கள் எல்லாம் செல்ஃபி எடுத்துக்கொண்டு என்னைச் சுற்றிப் போகிறார்கள். கறுப்பு அங்கி போட்ட ஒரு அம்மா தன் தண்ணீர் பாட்டிலை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சுபா என் முன்னால் உட்கார்ந்து, என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, "மூச்சு விடுங்க மாமா. காட்ட வேணாம். எனக்கு வேணாம்" என்றாள். முத்து அதை விளையாட்டு என்று நினைத்துப் பக்கத்திலேயே என்னைப் போல உட்கார்ந்துகொண்டான். அப்போது போட்டோ எடுக்கிற பையன் எங்களை நோக்கி வந்தான். என்னை அந்த நிலையில் எடுத்துவிடப் போகிறானே என்று அவள்தான் தம்பியை இழுத்துக்கொண்டு போய்க் கண்ணாடி முன்னால் நின்றாள். அந்தப் போட்டோதான் நம்மூர் ஃப்ளெக்ஸ்.

கீழே வந்து முகம் கழுவிய பிறகு அவளே சொன்னாள்: "அம்மாட்ட சொல்ல வேணாம் மாமா. நீங்க அழுததச் சொன்னா அது தாங்காது." மறைக்கச் சொல்லி நான் பழக்கவில்லை. ஆனால் வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. கூட்டாளிகள் குரூப்பில் அந்தப் போட்டோவைப் போட்டதும் அதற்குத்தான். தங்கப்பாண்டி மேலே போய் வந்தான் என்று நாலு பேர் நினைக்கட்டும் என்று.

காசிமாயனே உட்காரட்டும். முன்னால் எழுதியதையெல்லாம் விட்டுவிடு. ஒரு சின்னப் பிள்ளை தோளைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டிய ஆளின் மடியில் உன் மகனை உட்கார வை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடுக்கனையும் வேட்டியையும் வருகிற ஆள் கையில் அனுப்பி வைக்கிறேன்.

சுபாவை இனிமேல் அடிக்காதே.

தங்கப்பாண்டி


உசிலம்பட்டி
19.2.2025

அண்ணே,

நீ பெரிய மனுஷன் மாதிரி விட்டுக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள நான் எழுதச் சொல்லவில்லை. தாய்மாமன் பயப்படக் கூடாது என்று யார் சொன்னது? எந்தக் கோயிலில் எழுதி வைத்திருக்கிறது? ஊசியைப் பார்த்து அழப் போகிற பிள்ளைக்கு அழத் தெரிந்த மாமன் மடி இருந்தால் என்ன குறைந்துபோகும்?

உன் கடிதத்தைச் சுபாவிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தாள். நான் அடித்ததற்கு மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அப்புறம் அவள் ஒன்று சொன்னாள். அதை எழுதத்தான் இந்தக் காகிதத்தையே எடுத்தேன்.

"வெவரம் தெரிஞ்சதுலருந்து அப்பாவுக்காக யாராச்சும் அழுது நான் பாத்ததே இல்லம்மா. மாமாதான் மொத ஆளு."

அண்ணே, எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அழாத நாள் உண்டா? பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் விளக்கும்போது அழுவேன். பஸ்ஸில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு அழுவேன். அவள் முன்னால் அவர் பேரைக்கூட நான் எடுத்ததில்லை. பிள்ளை என்ன நினைத்திருக்கிறாள் தெரியுமா? அவளுடைய அப்பாவை நாங்கள் எல்லோரும் மறந்தேவிட்டோம் என்று நினைத்திருக்கிறாள். நீ அந்த மாடியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு நிம்மதியாம். அதைக் காப்பாற்றத்தான் என்னிடமே வாயைத் திறக்காமல் அடி வாங்கியிருக்கிறாள்.

இப்போது என் பாடுதான் திண்டாட்டம். மாமனார் காசிமாயன் அண்ணனை வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்துவிட்டார். அவரும் சும்மா இருக்கவில்லை, உன் ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே தன் ஃப்ளெக்ஸைக் கட்டிவிட்டார். இரண்டு தாய்மாமன்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது. நேற்று மாமனாரிடம் மெல்லப் பேச்செடுத்தேன். "நீதான வேணாம்னு வந்து நின்ன? ஒன் இஷ்டத்துக்கு ஆள மாத்துறதுக்கு இது என்ன சட்டையா?" என்று எழுந்து போய்விட்டார். அவர் சொல்வதிலும் தப்பில்லை.

சத்தியம் வேறு தனியாகக் கழுத்தைப் பிடிக்கிறது. ஆனால் நீ வராமல் இருக்காதே. மார்ச் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கருப்பசாமி கோயிலில். கூட்டத்தோடு கூட்டமாக நின்றாலும் சரி. கடுக்கனை யார் கையிலும் கொடுத்து அனுப்பாதே, நீயே கொண்டு வா.

அன்னக்கொடி


துபாய்
25.2.2025

அன்னம்,

லீவு கேட்டிருக்கிறேன். தருவார்களா என்று தெரியவில்லை, தந்தாலும் போக ஒரு நாள் வர ஒரு நாள்தான். டிக்கெட்டைப் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டியைக் கட்டுகிறேன், பிரிக்கிறேன். மதினி என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

வந்தால் பின்னால் நிற்பேன். உன் மாமனார் வீட்டாரோடு உனக்கு என்னால் மனஸ்தாபம் வேண்டாம். சுபா சொன்னதை எழுதியிருந்தாயே, அதைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

தங்கப்பாண்டி


உசிலம்பட்டி
6.3.2025

அண்ணே,

நீ அன்றைக்கு ராத்திரியே விமானம் ஏறிவிட்டதால் அதற்கப்புறம் நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது.

முதலில் சத்தியத்தின் கதை, அதில் பாதி நீ பார்த்ததுதான். முத்துவைக் காசிமாயன் அண்ணன் மடியில் உட்கார வைத்து, ஆசாரி ஊசியை எடுத்த நேரத்தில்தான் உன்னைப் பார்த்தேன். புளியமரத்துக்குப் பின்னால், வேற்றாள் மாதிரி, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாய். எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தச் சத்தம். "ஏண்ணே அங்கன நிக்கிற? வந்து ஒக்காருண்ணே!" என்று கத்திவிட்டேன். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார். காசிமாயன் அண்ணன் தகராறு செய்வார் என்று பயந்தேன். அவர் பேசாமல் எழுந்து, உன்னை இழுத்து வந்து உட்கார வைத்து, தன் கையாலேயே பிள்ளையை உன் மடியில் வைத்தாரே, அதை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். நாம் அவரை என்னவெல்லாம் நினைத்திருந்தோம்! பந்தியில் மட்டும், "எடத்தக் குடுத்தவனுக்குக் கறி ரெண்டு பங்கு" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சத்தியம் முறிந்ததற்குப் பரிகாரம் கேட்கப் பூசாரியிடம் போனேன். "நீ பேசல ஆத்தா, கத்துன. கத்துறது வேற. இருந்தாலும் கோயிலுக்கு ஒரு சேவல விட்டுரு" என்றார். விட்டுவிட்டேன். மாமனார் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவார், பேரன் காதில் கடுக்கனைப் பார்க்கத் தினமும் வருகிறாரே. உன் நம்பரையும் திறந்து வைத்துவிட்டேன்.

அப்படியானால் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் இதைச் சொல்ல எனக்கு வராது.

நேற்று முன்தினம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது நானே அவர் பேச்சை எடுத்தேன். அவருக்கு ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்க வேண்டும் என்றேன், அவ்வளவுதான். அதற்கு மேல் முடியவில்லை. குழாயைத் தேடி எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்து, பிள்ளைகள் முன்னால், வாய்விட்டு அழுதேன். சுபாவும் என் மேல் விழுந்து அழுதாள். முத்துவுக்கு ஒன்றும் புரியவில்லை, நாங்கள் அழுவதைப் பார்த்து அவனும் அழுதான். அழுது முடித்தபோது சோறு ஆறிப்போயிருந்தது, மூவருக்கும் பயங்கரப் பசி. கடையில் புரோட்டா வாங்கி வந்து சாப்பிட்டோம். அதற்கப்புறம் சுபா அவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தாள், நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எப்படிச் சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார், அவள் பிறந்தபோது என்ன செய்தார் என்றெல்லாம். எனக்கே மறந்துபோனதெல்லாம் வாயில் வந்தது.

கடைசியாக, அவர் வேலை பார்த்த கட்டடம் எப்படி இருக்கும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். நானும் பார்த்ததில்லையே.

உன்னால் முடிகிற அன்றைக்கு அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அவசரம் இல்லை. நீ எங்கேயும் ஏற வேண்டாம் அண்ணே, கீழே நின்று எடுத்தால் போதும்.

உன் தங்கச்சி
அன்னம்